கதவைக் கொளுத்திய ஆடிட்டர்

கூஃபா நகரத்துக்கு வெளியூர்க்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். விறகு விற்கிற இடம் எங்கே என்று பார்த்துப் போனார். காசு கொடுத்து விறகு வாங்கினார். அதைக் கொண்டுபோய் கவர்னர் மாளிகை வாசலில் வைத்தார்.

கொளுத்திவிட்டார்.

கதவு திகுதிகுவென்று எரிகிறது. உள்ளே இருப்பவர் சாதாரண ஆள் இல்லை. ஸஅத் இப்னு அபீ வக்காஸ். நபிகள் நாயகத்தின் மிக நெருங்கிய தோழர்களில் ஒருவர். தாய்வழியில் உறவுக்காரரும்கூட. பாரசீகப் பேரரசின் முதுகெலும்பைக் காதிஸிய்யா போர்க்களத்தில் முறித்த தளபதி. கூஃபா என்கிற அந்த நகரத்தையே 638-ஐ ஒட்டி உருவாக்கியவர் அவர்தான். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கதவுக்குத் தீ வைக்க ஒரு மனிதனுக்கு எத்தனை தைரியம் வேண்டும்?

தைரியமெல்லாம் ஒன்றுமில்லை. டியூட்டி.

வந்தவர் பெயர் முஹம்மத் இப்னு மஸ்லமா. மதீனாவிலிருந்து கலீஃபா உமர் அனுப்பிய ஆள். இன்றைய பாஷையில் சொன்னால் ஆடிட்டர், இன்ஸ்பெக்டர், விஜிலென்ஸ் அதிகாரி மூன்றும் சேர்ந்த கலவை. அவருக்குக் கிடைத்த உத்தரவு ரொம்பச் சின்னது. போ. அந்தக் கதவைக் கொளுத்து. கொளுத்திவிட்டு வந்த வழியே திரும்பி வா.

அப்படி என்ன செய்துவிட்டது அந்தக் கதவு?

மாளிகைக்குப் பக்கத்திலேயே சந்தை. ஓயாத சத்தம். உள்ளே உட்கார்ந்து நாலு வார்த்தை பேச முடியவில்லை. ஸஅத் ஒரு கதவு போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? ‘ஸஅதின் கோட்டை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சத்தம் போடுகிற ஜனங்களைப் பற்றி அவர் ஏதோ முகம் சுளித்துச் சொன்னதாகவும் ஒரு பேச்சு மதீனாவரை போய்விட்டது. உமருக்கு அது போதும். மக்களுக்கும் கவர்னருக்கும் நடுவில் கதவா? அந்த வீடு உன் வீடு அல்ல, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்கிற தோரணையில் ஒரு கடிதத்தையும் எழுதி, இப்னு மஸ்லமா கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஸஅத் கோபப்படவில்லை. அந்தப் பேச்சைத் தான் பேசவே இல்லை என்று சத்தியம் செய்தார். வழிச்செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தார். இப்னு மஸ்லமா வாங்கவில்லை. கிளம்பிவிட்டார். திரும்புகிற வழியில் கையிலிருந்த சாப்பாடு தீர்ந்துபோனது. பாலைவனத்தில் மரப்பட்டையைத் தின்று உயிர் பிழைத்து மதீனா வந்து சேர்ந்தார்.

ஸஅத் கொடுத்ததை வாங்கியிருக்கலாமே என்று உமரே கேட்டாராம். வாங்கலாம் என்று நீங்கள் உத்தரவில் எழுதவில்லையே என்பது பதில்.

உமர் இன்னொன்றும் சொன்னார். ஸஅத் செய்த சத்தியத்தைக் கேட்டுவிட்டு, புகார் கொண்டுவந்தவர்களைவிட ஸஅத் சொல்வதுதான் உண்மையாக இருக்கும் என்றார். அதாவது, கதவு விஷயத்தில் நடவடிக்கை உண்டு. பேச்சு விஷயத்தில் நடவடிக்கை இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர் தபரி. 923-ல் இறந்த மாபெரும் வரலாற்றாசிரியர். சம்பவம் நடந்து இருநூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு எழுதியவர். ஆகவே ஒவ்வொரு வரியையும் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கட்டுரையில் வரப்போகிற பல சம்பவங்களும் அப்படிப்பட்டவைதான். தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்து, பிறகு ஏட்டில் ஏறியவை. ஆனால் ஒரு சமூகம் எந்தக் கதைகளைப் பொத்திப் பாதுகாத்து வைத்துக்கொண்டது என்பதே ஒரு பெரிய சரித்திர ஆதாரம், இல்லையா?

இஸ்லாமிய அறநெறிப்படி ஊழியர்களை எப்படி நடத்துவது என்று பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் ஒரு பட்டியல் வரும். அன்பாக இரு, நியாயமாக இரு, கூலியைக் காலத்தில் கொடு. எல்லாம் சரிதான். ஆனால் உமரின் பத்து வருஷ ஆட்சியை (634 முதல் 644 வரை) கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். கீழே இருக்கிற தொழிலாளி மேல் அவர் கண் வைக்கவில்லை. அவனை வேலை வாங்குகிறவன் மேல்தான் கண். இதைப் புரிந்துகொள்ள இரண்டு தலைமுறை பின்னால் போகத் தேவையில்லை. பத்துப் பதினைந்து வருஷம் போனால் போதும்.

நபிகள் நாயகத்தின் காலம். ஜகாத் வசூலிக்க ஒருவரை அனுப்பினார்கள். இப்னுல் லுத்பிய்யா என்று பெயர். போனவர் திரும்பி வந்து கணக்கு ஒப்படைத்தார். இது உங்களுக்குச் சேரவேண்டியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். நேர்மையான ஆள்தான் என்று உங்களுக்குத் தோன்றும். மறைக்கவில்லையே!

நபிகள் விடவில்லை. மேடை ஏறி எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். இந்த ஆள் தன் அப்பா வீட்டிலோ அம்மா வீட்டிலோ சும்மா உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா?

தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் வாங்குகிற எத்தனையோ ஆபீஸ்களில் இந்தக் கேள்வியை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

இன்னொரு பக்கம், வேலை செய்கிறவனுக்கு என்ன? வியர்வை காய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது மிகப் பிரபலமான நபிமொழி. அதைவிடக் கனமான ஒன்று உண்டு. உங்களிடம் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் தின்பதையே அவர்களுக்கும் கொடுங்கள். நீங்கள் உடுத்துவதையே உடுத்தச் சொல்லுங்கள். தாங்க முடியாத சுமையை ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டால் நீங்களும் ஒரு கை கொடுங்கள். இதன் உள்ளடக்கம் இவ்வளவுதான். கடைசி வரியைக் கவனியுங்கள். ஓவர்டைம் வாங்கினால் காசு கொடு என்று சொல்லவில்லை. நீயும் இறங்கி வேலை செய் என்கிறது.

அனஸ் என்கிற சிறுவன் நபிகளிடம் பத்து வருஷம் பணியாளாக இருந்தவர். பிற்காலத்தில் அவர் சொன்ன சாட்சியம், அந்தப் பத்து வருஷத்தில் தன்னைப் பார்த்து ஒருமுறைகூட ‘ச்சே’ என்று சலித்துக்கொண்டதில்லை என்பது.

சரி, ஆளை எடுப்பது எப்படி? அதற்குக் குர்ஆனிலேயே ஓர் இன்டர்வியூ இருக்கிறது. மூஸா நபி எகிப்தைவிட்டு ஓடி மத்யன் என்கிற ஊருக்கு வருகிறார். கிணற்றடியில் இரண்டு பெண்கள் ஆடுகளோடு ஒதுங்கி நிற்கிறார்கள். இவர் தண்ணீர் காட்டி உதவுகிறார். வீட்டுக்குப் போனதும் அந்தப் பெண்களில் ஒருத்தி தன் தந்தையிடம் சிபாரிசு செய்கிறாள். இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் அப்பா, வேலைக்கு வைக்கிறதானால் பலசாலியாகவும் நம்பகமானவராகவும் இருக்கிறவர்தான் சிறந்தவர் என்று.

பலம், நம்பகம். இரண்டே தகுதி. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் கிடைப்பது எத்தனை கஷ்டம் என்பது உமருக்குப் பிறகு தெரியவரும். கொஞ்சம் பொறுங்கள்.

முதல் கலீஃபா அபூபக்கர் 632-ல் பதவிக்கு வந்தார். மறுநாளே தோளில் துணிகளைப் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிட்டார். ஜவுளி வியாபாரி அவர். வியாபாரம் பார்க்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாதே! வழியில் உமர் பார்த்துவிட்டார். ஆட்சியை யார் பார்ப்பது என்று தடுத்து நிறுத்தி, பொதுக் கருவூலத்திலிருந்து அவருக்கு ஒரு படி கட்ட ஏற்பாடு நடந்தது. அரசை நடத்துகிறவரும் சம்பளக்காரர்தான் என்பது அன்றைக்கு முடிவானது. அபூபக்கர் சாகும்போது, கருவூலத்திலிருந்து தன் கையில் மிச்சம் இருப்பதை எல்லாம் அடுத்தவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தவர் உமர்.

அவர் காலத்தில் ஆட்சிப்பரப்பு தறிகெட்டு விரிந்தது. சிரியா, இராக், எகிப்து, பாரசீகத்தின் பெரும்பகுதி. நேற்றுவரை ஒட்டகம் மேய்த்தவர்கள் கையில் பேரரசுகளின் கஜானாக்கள். எந்த மனிதனுக்கும் கை அரிக்கும்.

தளபதி அபூ உபைதா உமரிடம் நேரடியாகவே கேட்டார். நபித்தோழர்களை எல்லாம் அதிகாரத்தில் வைத்து அழுக்காக்குகிறீர்களே என்று. மார்க்கப் பற்று உள்ளவர்களை வைத்துக்கொள்ளாமல் வேறு யாரை வைத்துக்கொள்வது என்றார் உமர். அப்படியானால் தாராளமாகச் சம்பளம் கொடுங்கள், திருடத் தேவையில்லாமல் இருக்கட்டும் என்றார் அபூ உபைதா. எட்டாம் நூற்றாண்டில் காழி அபூ யூசுஃப், கலீஃபா ஹாரூன் அர் ரஷீதுக்காக எழுதிய ‘கிதாப் அல் கராஜ்’ என்கிற வரி நிர்வாக நூலில் இந்தப் பேச்சு இருக்கிறது.

அதே நூலில் ஓர் ஆடும் இருக்கிறது.

கூஃபாவுக்கு மூன்று பேரை உமர் அனுப்பினார். தொழுகை நடத்தவும் படைகளைப் பார்த்துக்கொள்ளவும் அம்மார் பின் யாசிர். நீதிக்கும் கருவூலத்துக்கும் அப்துல்லாஹ் இப்னு மஸ்வூத். நிலம் அளக்க உஸ்மான் இப்னு ஹுனைஃப். மூவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஓர் ஆடு. பாதி ஆடும் குடலும் அம்மாருக்கு. கால் ஆடு இப்னு மஸ்வூதுக்கு. மிச்சக் கால் ஆடு நில அளவைக்காரருக்கு. சொல்லிவிட்டு உமரே பெருமூச்சு விட்டாராம். தினம் ஓர் ஆட்டை இழக்கிற பூமி சீக்கிரம் பாழாகிவிடும் என்று!

ஒரு மாகாணத்தின் உயர்மட்ட நிர்வாகச் செலவு, தினம் ஓர் ஆடு. அதற்கே மனசு அடித்துக்கொண்டது.

கவர்னராகப் போகிறவர்களுக்கு நிபந்தனைகள் உண்டு. வெளிநாட்டு ஜாதிக் குதிரையில் ஏறக்கூடாது. சலித்த மாவில் ரொட்டி சாப்பிடக்கூடாது. மெல்லிய துணி உடுத்தக்கூடாது. மக்கள் தேவைக்கு வருகிறபோது கதவை மூடக்கூடாது. அதோடு, போகும்போது சொத்து எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். திரும்பும்போது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நடுவில் எகிறியிருந்தால் விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் திருப்தி இல்லை என்றால் பாதி கருவூலத்துக்கு.

எகிப்தை வென்ற அம்ர் இப்னுல் ஆஸ் தப்பவில்லை. அங்கேயும் போனவர் நம் பழைய ஆடிட்டர் இப்னு மஸ்லமாதான். சொத்தைக் கணக்கெடுத்துச் சரிபாதியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தார். அம்ர் வயிறெரிந்தார். ஆனால் கொடுத்தார்.

எல்லோரும் ஒரே தட்டில் என்று சொல்ல மாட்டேன். சிரியாவில் முஆவியா பரிவாரங்களோடு ராஜா மாதிரி எதிரே வந்து நின்றபோது உமருக்குச் சுருக்கென்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் ரோமானியர்கள், ஒற்றர்கள் நிறையப் பேர், பகட்டு காட்டாவிட்டால் மதிக்க மாட்டார்கள் என்று முஆவியா சமாதானம் சொன்னார். செய் என்றும் சொல்ல மாட்டேன், செய்யாதே என்றும் சொல்ல மாட்டேன் என்று உமர் நகர்ந்துவிட்டார். பின்னாளில் அந்தப் பகட்டு ஒரு வம்சமாகவே வளர்ந்தது வேறு கதை.

அபூ ஹுரைரா கதை சுவாரசியமானது. ஏராளமான நபிமொழிகளை அறிவித்தவர். பஹ்ரைனுக்கு அதிகாரியாகப் போய்விட்டுப் பத்தாயிரம் நாணயங்களோடு திரும்பினார். ஏது என்று கேட்டார் உமர், அதுவும் மரியாதைக்குறைவான வார்த்தைகளில். குதிரைகள் குட்டி போட்டன, அன்பளிப்புகள் சேர்ந்தன என்றார் அவர். விசாரித்தார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது என்றும் ஓர் அறிவிப்பு சொல்கிறது. பணம் கருவூலத்துக்குப் போனது போனதுதான்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார் உமர். மாட்டேன் என்றார் அபூ ஹுரைரா. உன்னைவிடச் சிறந்தவரான யூசுஃப் நபியே எகிப்து மன்னரிடம் வேலை கேட்டு வாங்கினாரே என்று மடக்கப் பார்த்தார் உமர். யூசுஃப் ஒரு நபி, நபியின் மகன். நானோ உமைமா பெற்ற அபூ ஹுரைரா. என் முதுகில் அடி விழுவதும், என் பணம் பறிபோவதும், என் மானம் கப்பலேறுவதும் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். கடுமையான கண்காணிப்புக்கு ஒரு விலை உண்டு. நல்ல ஆள் ஒருவர் போதுமடா சாமி என்று ஒதுங்கிக்கொண்டார். இதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

காலித் பின் வலீத் விஷயம் அதைவிட நெருடல். யர்மூக் போரின் நாயகன். தோல்வி என்றால் என்னவென்று தெரியாத தளபதி. அவரைப் புகழ்ந்து வந்த அஷ்அத் என்கிற தலைவருக்குப் பத்தாயிரம் தூக்கிக் கொடுத்தார் என்று தகவல் வந்தது. உமர் விசாரணைக்கு உத்தரவிட்டார். சபை நடுவே நிறுத்தி, தலைப்பாகைத் துணியாலேயே கையைக் கட்டி விசாரணை. கேள்வி இதுதான். கொடுத்தது பொதுப்பணமா, சொந்தப் பணமா? பொதுப்பணம் என்றால் மோசடி. சொந்தப் பணம் என்றால் ஊதாரித்தனம். எப்படிச் சொன்னாலும் வேலை போச்சு!

சொந்தப் பணம் என்றார் காலித். வேலை போனது.

நியாயமா? எனக்குத் தோன்றவில்லை. சொந்தக் காசை ஒருவர் எப்படிச் செலவழித்தால் முதலாளிக்கு என்ன? ஆனால் அடுத்து உமர் செய்ததைக் கவனிக்க வேண்டும். எல்லா மாகாணங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். காலிதை நான் கோபத்தாலோ மோசடிக்காகவோ நீக்கவில்லை. வெற்றி என்றால் காலித் என்று ஜனங்கள் நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். வெற்றி தருகிறவன் இறைவன் என்பது தெரியட்டும் என்பதற்காக நீக்கினேன். சாராம்சம் இது. வேலையை விட்டு அனுப்பிய ஆளின் பெயரைக் கெடுக்காமல் அனுப்புவது எப்படி என்பதற்கு இந்தக் கடிதம் ஓர் உதாரணம். 642-ல் காலித் படுக்கையில் இறந்தார். போர்க்களத்தில் சாகவில்லையே என்ற துக்கத்தோடு.

இதெல்லாம் பெரிய மனிதர்கள் பிரச்னை. கடைநிலை ஆள்?

வருஷா வருஷம் ஹஜ்ஜுக்குக் கவர்னர்கள் வர வேண்டும் என்று உமர் விதி வைத்திருந்தார். புனித யாத்திரைக்கு எல்லா ஊர் ஜனங்களும் வருவார்கள். அவர்கள் முன்னால் கவர்னர்களை நிறுத்தி, யாருக்கு என்ன புகார், சொல்லுங்கள் என்று கேட்பார். ஒருமுறை ஒரே ஒருத்தன் எழுந்தான். உங்கள் கவர்னர் எனக்கு நூறு சவுக்கடி கொடுத்தார் என்றான். எழுந்து வா, நீயும் அவரை நூறு அடி என்றார் உமர். அம்ர் இப்னுல் ஆஸ் பதறிப்போனார். இப்படி ஆரம்பித்தால் எந்த அதிகாரியும் வேலை பார்க்க முடியாதே! கெஞ்சிக் கூத்தாடி, அடிக்கு இரண்டு தீனார் வீதம் இருநூறு தீனார் நஷ்ட ஈடு என்று முடித்தார்கள்.

அடிமைகள் விஷயத்துக்கு வருவோம். அடிமை முறை அன்றைக்கு உலகம் முழுக்க இருந்தது. இஸ்லாம் விடுதலை செய்வதைப் புண்ணியமாக்கியது. முறையையே ஒழிக்கவில்லை. மதீனாவில் ஹாத்திப் என்பவரின் அடிமைகள் அடுத்த குலத்தான் ஒருவனின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்றுவிட்டார்கள். மாட்டிக்கொண்டார்கள். திருட்டுக்குக் கையை வெட்டுவது சட்டம். உமர் உத்தரவும் போட்டுவிட்டார். பிறகு சட்டென்று நிறுத்தினார். முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். இவர்களை நீ பட்டினி போடுகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது என்றார். ஒட்டகக்காரனிடம் விலை கேட்டார். நானூறு திர்ஹம். முதலாளி எண்ணூறு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு.

திருடியவன் கை தப்பியது. பட்டினி போட்டவன் பை காலியானது. இமாம் மாலிக் தொகுத்த ‘முவத்தா’வில் இந்த வழக்கு இருக்கிறது. எனக்குக் கேட்டால், உமரின் அத்தனை கதைகளிலும் உச்சம் இதுதான்.

இப்போது கூஃபாவுக்குத் திரும்பலாம். கூஃபாக்காரர்களைத் திருப்திப்படுத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. ஸஅதுக்குத் தொழுகையே ஒழுங்காக நடத்தத் தெரியவில்லை என்று புகார் எழுதினார்கள்! உமர் கூப்பிட்டுக் கேட்டார். நபிகள் எப்படித் தொழுதார்களோ அப்படித்தான் தொழ வைக்கிறேன் என்று விளக்கினார் ஸஅத். உம்மைப் பற்றி நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றார் உமர். இருந்தாலும் ஆள் அனுப்பி, கூஃபாவில் பள்ளிவாசல் பள்ளிவாசலாக விசாரிக்க வைத்தார். எல்லோரும் நல்லவர் என்றார்கள். ஓர் ஆள் மட்டும் குறை சொன்னான். குற்றம் நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் ஸஅத் அந்தப் பதவியில் நீடிக்கவில்லை.

அம்மாரை அனுப்பினார். நம் அரை ஆட்டுக்காரர். அவருக்கு அரசியல் தெரியவில்லை என்று புகார். அவரையும் எடுத்தார். வருத்தமா என்று உமர் கேட்டபோது அம்மார் பாசாங்கு பண்ணவில்லை. போட்டபோது சந்தோஷப்படவில்லை, எடுத்தபோது வருத்தப்பட்டேன் என்றார்.

உமர் நொந்துபோனார். நல்லவனைப் போட்டால் பலவீனன் என்கிறார்கள். பலசாலியைப் போட்டால் பாவி என்கிறார்கள். பக்கத்திலிருந்த முகீரா பின் ஷுஅபா ஒரு கணக்குச் சொன்னார். பக்திமானின் பக்தி அவனுக்கு, அவன் பலவீனம் உங்களுக்கு. பலசாலியின் பாவம் அவனுக்கு, அவன் பலம் உங்களுக்கு.

மத்யன் ஊர்ப் பெண் சொன்ன இரண்டு தகுதியில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய நேரம். சரி, நீயே போ என்றார் உமர். முகீரா கூஃபாவின் கவர்னரானார். சாமர்த்தியசாலி. பலசாலி. மற்றதைப் பற்றி ஊரில் பல பேச்சு.

அந்த முகீராவிடம் ஓர் அடிமை இருந்தான். அபூ லுஃலுஆ. பாரசீகத்தில் சிறைபிடிக்கப்பட்டவன். தச்சு வேலை, கொல்லு வேலை, சித்திர வேலைப்பாடு மூன்றும் தெரியும். அன்னிய தேசத்து வயது வந்த கைதிகள் மதீனாவுக்குள் வரக்கூடாது என்பது உமர் போட்ட விதி. பல கைத்தொழில் தெரிந்தவன், ஜனங்களுக்குப் பிரயோஜனப்படுவான் என்று முகீரா கடிதம் எழுதி விசேஷ அனுமதி வாங்கினார். ஏற்பாடு இதுதான். அவன் மதீனாவில் வேலை செய்து சம்பாதிக்கலாம். தினம் இவ்வளவு என்று முதலாளிக்குக் கட்டிவிட வேண்டும். தபரி சொல்கிற கணக்கு நாளுக்கு இரண்டு திர்ஹம். வேறு நூல்களில் அதற்கும் மேலே.

அபூ லுஃலுஆ ஒருநாள் உமரிடம் வந்து முறையிட்டான். முதலாளி என்னிடம் வாங்குவது ரொம்ப ஜாஸ்தி. குறைக்கச் சொல்லுங்கள்.

என்னென்ன தொழில் தெரியும் என்று விசாரித்தார் உமர். மூன்றையும் சொன்னான். இத்தனை தொழில் தெரிந்தவனுக்கு இது ஒன்றும் அதிகமில்லையே என்றார்.

பட்டினி கிடந்தவர்களைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்த அதே உமர். சந்தைச் சத்தத்துக்குப் போட்ட கதவைக்கூடப் பொறுக்காத உமர். அன்று ஒரு தொழிலாளியின் கணக்கை மட்டும் பார்த்தார்.

ஆனால் அத்தோடு முடியவில்லை. முகீராவைப் பார்க்கும்போது கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று உமர் மனதில் வைத்திருந்தார் என்று ஓர் அறிவிப்பு இருக்கிறது. மனதில் வைத்திருந்தார். அவனிடம் சொல்லவில்லை. இன்னொரு நாள் அவனைப் பார்த்து, காற்றில் ஓடுகிற திரிகை செய்யத் தெரியுமாமே, எனக்கு ஒன்று செய்து கொடேன் என்று சகஜமாகக் கேட்டார். கிழக்கும் மேற்கும் பேசுகிற மாதிரி ஒன்று செய்து தருகிறேன் என்றான். அவன் போனபிறகு உமர் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். இவன் என்னை மிரட்டிவிட்டுப் போகிறான்.

மிரட்டினவனை ஏன் பிடித்து உள்ளே போடவில்லை? செய்யாத குற்றத்துக்கா?

644 நவம்பர். அதிகாலைத் தொழுகை. உமர் முன்னால் நின்று தொழ ஆரம்பித்தார். இருட்டில் அபூ லுஃலுஆ இருபக்கமும் கூரான கத்தியோடு பாய்ந்தான். உமரைக் குத்திவிட்டு, தடுத்தவர்களை எல்லாம் குத்திக்கொண்டே ஓடினான். புகாரி தரும் கணக்குப்படி பதின்மூன்று பேருக்குக் காயம், அதில் ஏழு பேர் செத்தார்கள். வளைத்துப் பிடித்ததும் தன்னையே குத்திக்கொண்டான். பாரசீகம் வீழ்ந்த வன்மம், பின்னால் பெரிய சதி என்றெல்லாம் அன்றிலிருந்து பேசுகிறார்கள். இருக்கலாம். ஆனால் பழைய நூல்கள் திரும்பத் திரும்ப முன்னால் கொண்டுவந்து வைப்பது அந்த இரண்டு திர்ஹத்தைத்தான்.

யார் குத்தியது என்று பார்க்கச் சொன்னார் உமர். முகீராவின் அடிமை என்றார்கள். அந்தக் கைவேலைக்காரனா என்று கேட்டார். அவனுக்கு நல்லதுதானே செய்யச் சொல்லியிருந்தேன் என்றார்.

படுத்த படுக்கையில் மகனைக் கூப்பிட்டு, எனக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, கூட்டிப் பார் என்றார். எண்பத்தாறாயிரம் அல்லது அதை ஒட்டி வந்தது. குடும்பச் சொத்திலிருந்து கட்டு, போதாவிட்டால் நம் குலத்தாரிடம் கேள், அதற்கும் மேல் போனால் குறைஷிகளிடம் கேள், அதைத் தாண்டிப் போகாதே என்று சொன்னார். அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார். அதில் ஒரு பெயர் ஸஅத். அவர் கலீஃபா ஆகாவிட்டாலும் ஆகிறவர் அவரைப் பயன்படுத்திக்கொள்ளட்டும், திறமை இல்லை என்றோ மோசடி செய்தார் என்றோ நான் அவரை நீக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

அடுத்து வந்த உஸ்மான் அந்த வார்த்தையை மதித்தார். கூஃபாவிலிருந்து முகீராவை எடுத்துவிட்டு ஸஅதை மறுபடி அனுப்பினார்.

ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் ஓடியது. ஸஅத் கருவூலத்திலிருந்து கடன் வாங்கியிருந்தார். தவணை வந்தது. கருவூலப் பொறுப்பாளர் போய்க் கேட்டார். வேறு யாருமில்லை, கால் ஆட்டுச் சம்பளக்காரரான இப்னு மஸ்வூத்தான். கொஞ்சம் டைம் கொடு என்றார் ஸஅத். முடியாது, வைங்க பணத்தை என்றார் இவர். இருவருக்கும் வாய்த்தகராறு முற்றி, ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. விஷயம் மதீனாவுக்குப் போனது. உஸ்மானுக்கு இரண்டு பேர் மேலும் கோபம். கடைசியில் ஸஅதை நீக்கினார், பாக்கியை வசூலித்தார். இப்னு மஸ்வூதை அதே வேலையில் வைத்துக்கொண்டார்.